போறணைக்குள் ஒன்றரை நிமிடம்

நல்லூர்க் கொடி ஏறும் காலத்தில் கோப்பாய் ஒழுங்கைகளிலும் ஜேர்மன் மொழி கேட்கும். டோட்முண்டிலும் எசனிலும் பிறந்த பிள்ளைகள் அப்பம்மா வீட்டுக்கு வந்திருப்பார்கள். முதற் கிழமை இடியப்பமும் சொதியும் புதினம். அடுத்த கிழமை பீட்சா வேண்டும். அவணில் சுட்டுக் கொடுத்தால் ஒரு கடி கடித்துவிட்டு, "அங்கத்தை மாதிரி இல்லை" என்பார்கள். நியாயமான குறைதான். பிறந்தநாளுக்கும் பள்ளி விடுமுறைக்கும் தாய் தகப்பனோடு போய் அவர்கள் சாப்பிடும் இத்தாலிய உணவகத்தில் பீட்சாவைச் சுடும் அடுப்பே வேறு. அதன் முன்னால் நிற்பவர் பலவேளை அவர்களுடைய சித்தப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார் என்பது தனிக்கதை.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜேர்மனியின் முதல் பீட்சாக் கடை என்று சொல்லப்படுவதை 1952இல் வூர்ட்ஸ்பூர்க் நகரில் நிக்கோலினோ டி கமில்லோ என்ற இத்தாலியர் திறந்தார். தொடக்கத்தில் அங்கே சாப்பிட வந்தவர்களில் அமெரிக்கப் படையினர்தான் அதிகம். 1955 டிசெம்பரில் இத்தாலியிலிருந்து தொழிலாளரை அழைக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஆட்கள் வர, கடைகளும் பெருகின. 1980களில் கிழக்கு பேர்லினில் விமானத்தால் இறங்கி மேற்கு பேர்லினுக்குள் நுழைந்த எங்கள் இளைஞர்களில் பலருக்கு, மொழி தெரியாமலே செய்யக்கூடிய வேலையாக உணவகச் சமையலறை அமைந்தது. கோப்பை கழுவுவதில் தொடங்கி, சலாத்து வெட்டி, மாக் குழைத்து, கடைசியில் போறணைக்கு வந்தார்கள். வாசலில் நின்று 'போன சேரா' சொல்லும் முதலாளியே தமிழராக இருக்கும் கடைகளும் இன்று உண்டு.

பாண் போறணை தெரிந்தவருக்குப் பீட்சாப் போறணை பாதி தெரிந்த மாதிரி. இரண்டும் வளைந்த கூரை போட்ட செங்கல் அறைகள். விறகின் வெப்பத்தைக் கல்லில் சேர்த்துவைத்துச் செலவழிப்பவை. செலவழிக்கும் முறையில்தான் வேறுபடுகின்றன. விறகெரிக்கும் ஊர்ப் பேக்கரியில் அறைக்குள்ளேயே தீ மூட்டுவார்கள். கல் நன்றாகச் சூடேறியதும் தணலையும் சாம்பலையும் வெளியே இழுத்து, ஈரச் சாக்கால் தளத்தைத் துடைத்து, பாண் அச்சுகளை உள்ளே தள்ளி வாயை மூடுவார்கள். தீ போன பிறகு, கல்லில் தேங்கிய வெப்பம் மெல்ல இறங்கிப் பாணை வேகவைக்கும். பீட்சாப் போறணையில் தீயை வெளியே எடுப்பதில்லை. ஓரத்துக்குத் தள்ளி எரியவிட்டபடி, வாயைத் திறந்துவைத்தே சுடுகிறார்கள். நாப்போலிப் பீட்சாவின் முறையைக் காக்க 1984இல் தொடங்கிய சங்கத்தின் விதிப்படி தளம் 380 முதல் 430 பாகை செல்சியஸ், கூரை 485 பாகை, சுடும் நேரம் 60 முதல் 90 செக்கன்.

சாதாரண தரத்தில் படித்த கடத்தல், மேற்காவுகை, கதிர்வீசல் மூன்றும் இந்த ஒன்றரை நிமிடத்துக்குள் ஒன்றாக வேலைசெய்கின்றன. அடியில் நடப்பது கடத்தல். 400 பாகைத் தளத்தில் மா ஏன் உடனே கரியாவதில்லை? வெயிலில் கிடந்த தகரத்தைத் தொட்டால் கை பொள்ளும். பக்கத்தில் கிடந்த செங்கல்லைத் தூக்கி மறுபக்கம் வைக்கலாம். வெப்பநிலை ஒன்றாக இருந்தாலும் செங்கல் வெப்பத்தைக் கைக்குக் கொடுக்கும் வேகம் குறைவு. அன்ட்ரே வர்லாமோவ், அன்ட்ரியாஸ் கிளாட்ஸ் ஆகிய பௌதிகவியலாளர்களும் உணவு மானிடவியலாளர் ஒருவரும் சேர்ந்து 2018இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ 330 பாகைச் செங்கல்லில் வைத்த மாவின் அடிப்புறம் 200 பாகையை ஒட்டித்தான் வரும். அதே சூட்டில் உருக்குத் தட்டு என்றால் 300 பாகைக்குக் கிட்டப் போய்க் கருகும்.

மேற்புறத்தைச் சுடுவது பெரும்பாலும் கூரையின் கதிர்வீசல். அது கெல்வின் வெப்பநிலையின் நான்காம் வலுவோடு கூடும். வீட்டு அவணின் 250 பாகை என்பது 523 கெல்வின். 485 பாகைக் கூரை 758 கெல்வின். இரண்டையும் நான்காம் வலுவுக்கு உயர்த்திப் பிரித்தால் நான்கு மடங்குக்கும் மேல் வருகிறது. அவணில் கூடுதல் நேரம் விட்டு இதை ஈடுகட்ட முடியாது. நேரம் கூடக் கூட மாவின் ஈரம் போய், பீட்சா பிஸ்கட்டாகிவிடும். மேற்காவுகையைப் போறணையின் திறந்த வாய் பார்த்துக்கொள்கிறது. கீழ்ப்பாதியால் குளிர்காற்று உள்ளே போகும். மேற்பாதியால் சூடான வாயு கூரையைத் தடவிக்கொண்டு வெளியே வரும். அதனால் கூரை தாழ்ந்திருக்க வேண்டும், வாய் அதிலும் தாழ வேண்டும்.

மாவும் இந்த வேகத்துக்கு ஏற்றபடிதான் ஆயத்தமாகிறது. மதுவம் பல மணித்தியாலம் வேலைசெய்து மாவுக்குள் காபனீரொட்சைட்டை நிரப்பிவைக்கும். உருட்டுக்கட்டை போட்டால் அது வெளியேறிவிடும். விரல் நுனியால் நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்தும்போது வாயு விளிம்புக்கு ஒதுங்குகிறது. போறணைக்குள் போன சில செக்கனில் அந்த வாயு விரிய, மாவின் நீரும் கொதிநீராவியாகி விளிம்பை ஊதவைக்கும். மெல்லிய குமிழ்கள் முதலில் கருகி, சிறுத்தைத் தோல் போலப் புள்ளி விழும். நாப்போலிக்காரரின் இந்தக் கைவண்ணத்தை 2017இல் யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஜேர்மனியில் பலர் கேட்பது ரூனா மீனும் வெங்காயமும் குவிந்த பீட்சா. நீர் ஆவியாக மறைவெப்பம் நிறைய வேண்டும். மேலே ஈரப்பொருள் குவிந்தால் அது 100 பாகையிலேயே நின்றுவிடும், அதற்குள் அடி தீய்ந்துபோகும். எனவே சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்ட வேண்டும். அங்குள்ள பல கடைகளில் இருப்பதும் 300 பாகையைச் சுற்றி ஓடும், கல்தளம் போட்ட மின்போறணைதான். நாப்போலிக்காரர் இதை ஒத்துக்கொள்ளமாட்டார். எனக்கு இதில் குறை தெரியவில்லை. கேட்ட பண்டத்துக்கு ஏற்ற அடுப்பு.

கோப்பாய் வளவில் ஒரு போறணை கட்ட நினைப்பவர் முதலில் செம்பாட்டு மண்ணுக்குக் கீழே கிடைக்கும் சுண்ணக்கல்லை மறந்துவிட வேண்டும். ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடித்துச் சிதறும். 800, 900 பாகைக்குப் போனால் நீறிவிடும், சுண்ணாம்புச் சூளையில் நடப்பதும் அதுதான். தளத்துக்குச் சீமெந்தும் வேண்டாம், தீ தாங்கும் செங்கல்லே நல்லது. காவோலையும் பனைமட்டையும் பற்றவைக்க உதவும். கல்லுக்குள் சூடு இறங்க வைரமான விறகு வேண்டும். வெப்பமானி இல்லாவிட்டால் கூரையைப் பாருங்கள். முதலில் புகைக்கரி படிந்து கறுக்கும். சூடு ஏற ஏற அந்தக் கரியே எரிந்துபோய்க் கல் வெளிறும். அப்போது தணலை ஓரத்துக்கு ஒதுக்கித் தளத்தைத் துடைத்து முதல் பீட்சாவை வைக்கலாம். அரை நிமிடத்தில் நீள்பிடித் துடுப்பால் திருப்பாவிட்டால் தீயின் பக்கம் கருகிவிடும். எல்லாரும் சாப்பிட்டபின் தணலை வாரிவிட்டு வாயை மூடிவைத்தால், கல்லைச் சுற்றி நல்ல வெப்பக்காப்புப் போட்டிருக்கும் போறணை மறுநாட் காலையிலும் பாண் சுடும் சூட்டில் இருக்கும்.