சோடா மூடி: மறுபயன்பாடும் தூய்மையாக்கலும்

சோடா மூடி என்பது கண்ணாடிப் பாட்டிலின் வாயில் அழுத்திப் பூட்டப்படும், ஓரத்தில் 21 பற்கள் கொண்ட தகர மூடி. கிரீடம் போன்ற வடிவத்தால் கிரவுன் மூடி என்றும் பெயர். அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் பெயின்டர் 1892இல் இதற்குக் காப்புரிமை பெற்றார்; அவருடைய மூடியில் 24 பற்கள் இருந்தன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் பொருளாகவே அவர் இதை உருவாக்கினார். அவரது நிறுவனத்தில் விற்பனையாளராக இருந்த கிங் ஜில்லெட், பின்னர் எறிந்துவிடும் சவர பிளேடைக் கொண்டுவந்ததற்கு இந்த மூடியே தூண்டுதல் என்பர்.

பாட்டிலைக் கழுவிப் பலமுறை நிரப்பலாம் என்றால், மூடியையும் ஏன் கொதிக்கவைத்து மீண்டும் போடக்கூடாது? வீட்டில் பீர் தயாரிப்பவர்களிடையே அடிக்கடி எழும் கேள்வி இது. பிரிட்டனில் 1963 முதலும், அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும் சொந்தப் பயன்பாட்டுக்கு பீர் தயாரிக்க உரிமம் தேவையில்லை. தமிழ்நாட்டில் நிலை வேறு. உரிமமின்றி மதுபானம் தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். செம்பாக்கத்தில் ஒருவர் தம் வீட்டுக்கென்று மட்டும் தயாரித்தாலும் அதுவே. ஆனால் மூடி பற்றிய கேள்வி பன்னீர் சோடாவுக்கும் இஞ்சி சோடாவுக்கும் அப்படியே பொருந்தும்.

மூடி அடைக்கும் விதம்

மூடியைக் காற்றுப் புகாமல் வைப்பது தகரம் அன்று. அதன் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய வில்லை. முன்பு அது தக்கை, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். புதிய மூடியின் வெளிவிட்டம் சுமார் 32 மி.மீ. பூட்டும் கருவி பற்களை உள்நோக்கி மடக்கும்போது அது 28.6 முதல் 28.8 மி.மீ. வரை சுருங்குகிறது. அந்த அழுத்தத்தில் பாட்டில் வாயின் விளிம்பு வில்லையில் வட்டமாகப் பதிந்துவிடும்.

ஓப்பனர் ஒரு பக்கமாக நெம்புவதால் தகரம் மடிகிறது. சுத்தியலால் தட்டி நிமிர்த்தினாலும் பழைய தட்டையான வடிவம் திரும்பாது. வில்லையில் விழுந்த பள்ளமும் மறையாது. மறுமுறை விளிம்பு அதே பள்ளத்தில் சரியாக உட்காரும் என்பதற்கு உறுதியில்லை. பூச்சு உரிந்த இடத்தில் துருவும் பிடிக்கும். ஆக, இங்கே சிக்கல் கிருமி அன்று, கசிவு. எவ்வளவு கொதிக்கவைத்தாலும் கசிவு நீங்காது. வாயு மெல்ல வெளியேறி பானம் சப்பென்று ஆகிவிடும். உள்ளே வரும் காற்று பீரின் சுவையைக் கெடுக்கும், புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் இடம் கொடுக்கும்.

சென்னை வெயிலில் இது இன்னும் கூடுதல் சோதனை. ஒரு லிட்டர் பீரில் சாதாரணமாக 2.5 லிட்டர் அளவு கரியமில வாயு கரைந்திருக்கும். மூடிய பாட்டிலுக்குள் 4 பாகை செல்சியசில் அதன் அழுத்தம் வெளிக்காற்றைப் போல ஏறத்தாழ 1.7 மடங்கு, 35 பாகையில் 4 மடங்குக்கும் மேல். குளிர்பெட்டியில் தாங்கிய பழைய மூடி, அக்னி நட்சத்திரத்தில் வெளியே வைத்தால் விட்டுக்கொடுக்கும்.

புதிய மூடியைத் தூய்மையாக்கல்

புதிய மூடிக்கும் கிருமிநீக்கம் நல்லது. முதலில் தூசியைக் கழுவ வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றிய கிருமிநாசினி அடியில் இறங்காது. பிறகு பாசுபாரிக் அமிலக் கரைசலிலோ, 12.5 பிபிஎம் அயோடின் உள்ள அயடோஃபோர் கரைசலிலோ ஓரிரு நிமிடம் ஊறவைத்தால் போதும். பிளீச்சிங் கரைசல் தகரத்தை அரிக்கும். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பானது. அதில் கொதிக்கவைத்தால் வெள்ளைப் படலம் படியும், அமிலக் கரைசலின் வீரியமும் குறையும். கேன் தண்ணீர் மேல். ஆக்சிஜனை உறிஞ்சும் வகை மூடியை முன்கூட்டியே நனைத்து வைத்தால் அதன் திறன் வீணாகும். பூட்டுவதற்குச் சற்று முன்புதான் நனைக்க வேண்டும்.

கடையில் வாங்குபவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நடுவில் மடிந்த தடமோ ஓரத்தில் நெம்பிய வடுவோ துருவோ உள்ள மூடி, அந்தப் பாட்டில் ஒருமுறை திறக்கப்பட்டிருக்கலாம் என்பதற்கு அடையாளம். வாங்காமல் விடுவதே சரி.

கோலி சோடா

மூடியையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. ஆங்கிலேயரான ஹைரம் காட் 1870களில் வடிவமைத்த பாட்டிலில் மூடியே ஒரு கண்ணாடிக் கோலிதான். பாட்டிலைக் கவிழ்த்து வாயு ஏற்றினால், உள்ளழுத்தம் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு சேர்த்து அழுத்தி அடைக்கும். விரலால் அழுத்தினால் திறக்கும். எதுவும் வளைவதில்லை, மடிவதில்லை. 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்தபோது இந்தச் சோடாவின் பக்கம் மீண்டும் கவனம் திரும்பியது.

இதில் தேய்வது ரப்பர் வளையம் மட்டும். அது இறுகினாலோ வெடித்தாலோ மாற்ற வேண்டும். கோலி உள்ளேயே கிடப்பதாலும் கழுத்து நெளிந்திருப்பதாலும் தூரிகை எளிதில் நுழையாது. வளையத்தின் அடியிலும் கழுத்து மடிப்பிலும் சர்க்கரைப் பிசுக்கு தங்கும். அதனால் காலிப் பாட்டில்களைக் காயவிடாமல் உடனே அலசி, பிறகு வெந்நீர் செலுத்திக் கழுவுவதே பயன் தரும்.