வெளுத்த பம்பருக்கு என்ன வைத்தியம்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்துப்பேட்டை வழியாகப் போகும் வண்டிகளைச் சற்று நின்று கவனித்தால் ஒரு வேடிக்கை தெரியும். காரின் உடம்பு பளபளவென்று இருக்கும். ஆனால் பம்பர், சக்கரத்தின் மேல் வளைவு, கதவின் ஓரப்பட்டை ஆகியவை மட்டும் விபூதி பூசியது போல் வெளிறிக் கிடக்கும். வாங்கிய நாளில் அவையும் மை போலக் கறுப்பாகத்தான் இருந்தன.

இது வெறும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. வாடகைக்குக் கார் ஓட்டிப் பிழைப்பவர் ஒரு நாள் அதை விற்கத்தான் வேண்டும். எஞ்சின் எவ்வளவு திடமாக இருந்தாலும், வாங்க வருகிறவர் கண்ணில் முதலில் படுவது இந்த வெளுப்புத்தான். உடனே வண்டிக்கு வயதாகிவிட்டது என்று விலையைக் குறைத்துப் பேசுவார்.

அம்பாஸடர் காலத்தில் இந்தக் கவலை இல்லை. அதன் பம்பர் குரோமிய முலாம் பூசிய இரும்பு. துருப் பிடிக்குமே தவிர வெளுக்காது. 1972ல் பிரான்சு தேசத்து ரெனோ கம்பெனி தனது 'ரெனோ 5' காருக்குப் பிளாஸ்டிக் பம்பர் பொருத்தியது. பின்னர் உலகெங்கும் பிளாஸ்டிக் பம்பரே வழக்கமாகிவிட்டது. அம்பாஸடர் உற்பத்தியும் 2014ல் நின்று போயிற்று.

கறுப்பு எங்கே போயிற்று?

இன்றைய பம்பர்கள் பெரும்பாலும் 'பாலிபுரொப்பிலீன்' என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. 1954ல் இதை உறுதியான பொருளாகச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் இத்தாலிய விஞ்ஞானி கியூலியோ நாட்டா. ஜெர்மானிய விஞ்ஞானி கார்ல் சீக்லருடன் 1963ல் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இந்தப் பிளாஸ்டிக் இயற்கையில் கறுப்பு அல்ல. நுண்ணிய கரித்தூளைக் கலந்துதான் கறுப்பாக்குகிறார்கள். கரி வெயிலில் வெளுப்பதில்லை. அப்படியானால் வெளுப்பது எது?

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கிரணங்களும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து பிளாஸ்டிக்கின் மேல் தோலைச் சிறுகச் சிறுக அரிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டாகின்றன. அவற்றின் மேல் படும் வெளிச்சம் நாலா பக்கமும் சிதறுவதால் சாம்பல் நிறமாகத் தோன்றுகிறது. வயல் மண் காய்ந்தால் வெளிறியும், தண்ணீர் பட்டால் கறுத்தும் தெரிவதில்லையா? அதே கதைதான் இதுவும்.

கடலோர ஊர்களில் இன்னொரு விஷயமும் உண்டு. உப்புக் காற்று வண்டியின் மேல் வெண்மையான படலமாகப் படியும். ஆகவே முதலில் நன்றாகக் கழுவிப் பார்க்க வேண்டும். ஈரத்தில் கறுத்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால் தோல் அரிபட்டுவிட்டது என்று அர்த்தம். காய்ந்த பிறகும் கறுப்பு நின்றால், போனது வெறும் உப்பும் அழுக்குமே!

எண்ணெய் மாயம்

நம்மவர்களுக்குத் தெரிந்த கை வைத்தியம் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் தடவினால் பம்பர் உடனே கறுக்கும். வெடிப்புகளை எண்ணெய் நிரப்பிவிடுவதே காரணம். ஆனால் அடுத்த நாளே சாலைப் புழுதி அத்தனையும் அதில் அப்பிக்கொள்ளும். ஒரு மழை பெய்தால் எண்ணெயும் போய்விடும், காசும் போய்விடும்.

இதைவிடக் கெட்டது எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலைத் தடவுவது. புற்றுநோயை உண்டாக்கக் கூடிய ரசாயனங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதை வெறுங்கையால் அடிக்கடி தொடுவது ஆபத்து. மேலும், மழையில் கரையும் ஆயில் வாய்க்காலுக்குத்தானே போகும்? கோரையாறும் பாமணியாறும் வந்து சேரும் இடம், இந்த ஊரார் 'லகூன்' என்று சொல்லும் உப்பங்கழி. அதைச் சுற்றி இருப்பது, 2018 நவம்பரில் கஜா புயலிடம் அடிபட்ட அலையாத்திக் காடு. அங்கே மீனும் இறாலும் பிடித்துப் பிழைக்கிறவர்கள் அநேகர். ஒருவர் பம்பரின் ஒரு வாரக் கறுப்புக்காக இன்னொருவர் வலையில் விஷம் கலக்கலாமா?

முறையான வைத்தியம்

நிழலில், வண்டி சூடு ஆறிய பின் வேலையைத் தொடங்குங்கள். கார் ஷாம்பு கலந்த தண்ணீரும் பழைய டூத் பிரஷும் போதும். சொரசொரப்பான இடுக்குகளில் உள்ள அழுக்கு முழுவதும் போக வேண்டும். பாலிஷ் காய்ந்து வெள்ளைக் கறையாக நின்றால், பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரால் தேய்த்துப் பாருங்கள், பெரும்பாலும் போய்விடும். பெட்ரோல், தின்னர் வேண்டாம். பிறகு நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தின் மேல் எந்த மருந்தும் ஒட்டாது.

அடுத்து, பக்கத்துப் பெயிண்டின் ஓரத்தில் டேப் ஒட்டிவிட்டு, கடையில் இதற்கென்றே விற்கும் டிரிம் திரவத்தைப் பஞ்சில் தொட்டு மெல்லிசாகப் பூசுங்கள். மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். சாதாரணத் திரவம் சில வாரம் நிற்கும். செராமிக் பூச்சுக்கு விலை அதிகம். ஆனால் பல மாதம் நிற்கும்.

சில ஒர்க்ஷாப்புகளில் 'ஹீட் கன்' கொண்டு சூடான காற்றை அடிப்பார்கள். மேல் தோல் லேசாக இளகி, வெடிப்பு மூடிக்கொண்டு கறுப்பு திரும்பும். ஆனால் இந்தப் பிளாஸ்டிக் ஏறக்குறைய 160 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். ஒரே இடத்தில் நிறுத்தினால் பம்பர் கோணிக்கொள்ளும்; பக்கத்துப் பெயிண்டும் கொப்பளிக்கும். கைதேர்ந்தவரிடமே விட வேண்டிய வேலை இது. இதற்குப் பின்னும் பாதுகாப்புப் பூச்சு இல்லாவிட்டால் வெயில் மறுபடி தன் வேலையைத் தொடங்கிவிடும்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த வழவழப்புத் திரவத்தைக் கைப்பிடி, ஸீட், கால் வைக்கும் இடம், பிரேக், டயர் ஆகியவற்றில் படவிடாதீர்கள். அங்கே பளபளப்பு விபத்தை விலைக்கு வாங்குவதாகும்.

வருமுன் காப்பதே மேல்

அரிபட்டுப் போன தோல் மறுபடி முளைக்காது. நாம் செய்வதெல்லாம் அதை மூடி, மேலும் அரிக்காமல் தடுப்பதுதான். ஆகையால் வண்டி புதிதாக இருக்கும்போதே பாதுகாப்புப் பூச்சைப் பூசுவது சிலாக்கியம். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக வண்டியை நிழலில் நிறுத்துங்கள். பெரிய ஷெட் வேண்டும் என்பதில்லை. நாலு மூங்கிலும் பத்துத் தென்னங்கீற்றும் இருந்தால் ஒரு கொட்டகை எழும்பிவிடும். டெல்டாவில் கீற்றுக்கா பஞ்சம்?