ஒரே போட்டோ போதுமா? தரையின் சரிவைக் கண்டுபிடிப்பது எப்படி

மெஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் தட்டைப் பாருங்க. வட்டமாகவா தெரியுது? நீள்வட்டமாகத்தான் தெரியும். ஆனாலும் "தட்டு நசுங்கியிருக்கு"ன்னு யாரும் சண்டைக்குப் போறதில்லை. தட்டு வட்டம்தான், மேசையில் படுத்திருக்கு, அதனால அப்படித் தெரியுதுன்னு மூளை யோசிக்காமலே முடிவு கட்டிடும். இதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் 'ஷேப் ஃப்ரம் டெக்ஸ்சர்'.

எங்களுக்கு இது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டில் வந்து மாட்டியது. ஒரே கேமரா உள்ள ட்ரோன், கீழே தரை சமமா சரிவான்னு பார்த்து இறங்கணும். தப்பாச் சொன்னா கவிழ்ந்துடும், ப்ரொபெல்லர் காலி.

இதன் ஆரம்பமும் விமானம்தான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானிகளின் பார்வையை ஆராய்ந்த உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன், தரையின் டெக்ஸ்சர் தூரம் போகப்போக நெருக்கமாவதே நமக்குப் பெரிய தடயம் என்று 1950-இல் வந்த தன் புத்தகத்தில் எழுதினார். காலேஜ் காரிடாரில் நின்று டைல்ஸைப் பாருங்க. இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கும் டைலின் அகலம் பாதியாகும். உயரமோ கால்வாசியாகிவிடும், ஏன்னா தூரத்தோடு சாய்வும் சேர்ந்து அதை நசுக்குது.

இப்போ கணக்கு. படத்தில் தட்டின் நீள அச்சு 100 பிக்சல், குறுகிய அச்சு 50 என்று வைங்க. 50/100 = 0.5 = காஸ் தீட்டா. தீட்டா 60 டிகிரி. கேமராவுக்கு நேர் எதிரே இருக்கும் நிலையிலிருந்து பரப்பு அவ்வளவு சாய்ந்திருக்கு, இதுதான் ஸ்லான்ட். எந்தத் திசையில் நசுங்கியிருக்கோ அது டில்ட்.

நிஜத் தரையில் தட்டு கிடக்காதே? ஆண்ட்ரூ விட்கின் 1981-இல் இதற்கு வழி சொன்னார். டெக்ஸ்சரில் உள்ள எட்ஜ்கள் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியிருக்கும்னு வைத்துக்கொள்வோம். பரப்பு சாய்ந்தால் அவை படத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கும். அந்த ஒதுங்கலை எந்தச் சாய்வு நல்லா விளக்குதோ அதுவே விடை.

கோடு எழுதி, கேமராவை நேர் கீழே பார்க்க வைத்தோம். சொதப்பல். காரணம் கோடில் இல்லை, காஸில். 10 டிகிரி சரிவில் 100 பிக்சல் வட்டம் 98.5-ஆகத்தான் சுருங்கும். ஒன்றரை பிக்சல் தப்பினால் விடை 0 டிகிரி, இல்லேன்னா 14 டிகிரி! போதாக்குறைக்கு, எந்த விளிம்பு மேடு எது பள்ளம் என்பதையும் நீள்வட்டம் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

தீர்வு ரொம்ப சிம்பிள், நாங்கதான் லேட்டாப் புரிஞ்சுக்கிட்டோம். கேமராவை 45 டிகிரி சாய்த்து மாட்டினோம். சமதரையில் வட்டம் 71 பிக்சலாகத் தெரியும். தரை அப்பால் 10 டிகிரி இறங்கினால் 57, ஏறினால் 82. ஒன்றரை பிக்சலைத் தேடிய இடத்தில் பத்துப் பிக்சலுக்கு மேல் வித்தியாசம். மேடா பள்ளமா குழப்பமும் தீர்ந்தது. பக்கவாட்டுச் சரிவு என்றால் நீள்வட்டமே கொஞ்சம் திரும்பிடும்.

ஜல்லி, உதிர்ந்த இலை எல்லாவற்றிலும் ஓரளவு வேலை செய்தது. ஹாஸ்டல் மொட்டை மாடியில் யாரோ விரித்திருந்த கோரைப்பாய்தான் கவுத்துடுச்சு. கோடெல்லாம் ஒரே திசை, அதனால சமமான மாடியைப் பெரிய சரிவுன்னு அடிச்சுச் சொன்னது. உழுத வயலிலும் இதே கதைதான் நடக்கும். இப்போதைக்கு எட்ஜ்கள் ஒரே பக்கம் ரொம்ப ஒதுங்கினா இறங்காம வேற இடம் தேடச் சொல்லி ஒரு வரி சேர்த்திருக்கோம்.