டோம் பெரிஞோன் (சாம்பெயின்)

டோம் பெரிஞோன் என்பது பிரான்சின் வடகிழக்கிலுள்ள சாம்பெயின் பகுதியில் தயாரிக்கப்படும் உயர்விலை நுரைக்கும் ஒயின் ஆகும். மொயே எ சாந்தோன் நிறுவனத்தின் தயாரிப்பான இது, 1921 ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து உருவாக்கப்பட்டு 1936 இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. பல தோட்டங்களின் ஒயின்களைக் கலந்து ஆக்கப்படினும், ஒரே ஆண்டில் பறித்த திராட்சை மட்டுமே இதில் சேர்க்கப்படுகிறது. கலப்பின் நோக்கமும் ஆண்டு குறிப்பதன் நோக்கமும் ஒன்றுக்கொன்று முரணானவை. இம்முரணைக் கையாளும் விதமே இந்த ஒயினின் தனித்தன்மை எனலாம்.

பெயர்க் காரணம்

பியேர் பெரிஞோன் (1638–1715) ஓவில்லேர் என்னும் ஊரிலிருந்த பெனடிக்டின் மடத்தின் நிலவறைப் பொறுப்பாளராக 1668 முதல் இறக்கும் வரை பணியாற்றிய துறவி ஆவார். "டோம்" என்பது அச்சபைத் துறவிகளுக்குரிய மரியாதை அடைமொழி.

நுரைக்கும் ஒயினைக் கண்டுபிடித்தவர் இவரே என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அது சரியன்று. குளிர்காலத்தில் நின்றுபோன நொதித்தல் வெயில் வந்ததும் மீண்டும் தொடங்கிப் புட்டிகளை வெடிக்கச் செய்ததால், அவர் காலத்தில் நுரை ஒரு குறைபாடாகவே கருதப்பட்டது. ஒயினில் சர்க்கரை சேர்த்து நுரைக்கச் செய்யும் வழக்கத்தை ஆங்கிலேயரான கிறிஸ்தோபர் மெரெட் 1662 இல் இலண்டன் அரச கழகத்தில் எடுத்துரைத்துள்ளார். பெரிஞோன் மடத்தில் பொறுப்பேற்றது அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துத்தான். வெவ்வேறு தோட்டங்களின் திராட்சையைச் சுவைத்து, எதனுடன் எதைச் சேர்த்தால் சிறக்கும் என்று தேர்ந்ததே அத்துறவியின் உண்மையான பங்களிப்பு. அந்த வகையில் பெயர் பொருத்தமானதே.

கலப்பு

தமிழில் கலப்பு என்றதும் கலப்படம் நினைவுக்கு வரக்கூடும். காப்பித்தூள் கடை இதற்கு நல்ல ஒப்புமை. பிளாண்டேஷன், பீபெரி ஆகிய கொட்டைகளைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து அரைக்கும் கடைக்காரர், எந்த ஆண்டின் விளைச்சல் எப்படியிருந்தாலும் தம் கடைத்தூளின் சுவை மாறாமல் பார்த்துக்கொள்கிறார். சாம்பெயின் பகுதி திராட்சை பயிரிடத்தக்க பகுதிகளின் குளிர் எல்லையில் இருப்பதால், அங்கு ஆண்டுக்கு ஆண்டு விளைச்சல் பெரிதும் மாறும். எனவே பெரும்பாலான சாம்பெயின்கள், சேமித்து வைத்த பழைய ஆண்டுகளின் ஒயினைப் புதியதுடன் கலந்தே தயாரிக்கப்படுகின்றன. குரூக் நிறுவனத்தின் கிராந்த் குவே இதன் உச்சம். அதில் பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளைச் சேர்ந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஒயின்கள் சேர்கின்றன.

டோம் பெரிஞோனில் இந்தப் பாதுகாப்பு இல்லை. சார்டொனே என்ற வெள்ளைத் திராட்சையும் பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையும் ஏறத்தாழச் சம அளவில் சேர்க்கப்படுகின்றன. கறுப்புத் திராட்சையின் நிறம் தோலில் மட்டுமே இருப்பதால், மெதுவாகப் பிழிந்தால் வெளிர்சாறே கிடைக்கும். ஊர்களையும் இனங்களையும் கலக்கலாம். ஆண்டுகளைக் கலக்க இயலாது.

அறுவடை ஆண்டு

இதனால், தரம் போதாத ஆண்டில் டோம் பெரிஞோன் தயாரிக்கப்படுவதே இல்லை. எந்த ஆண்டு தகுதியுடையது என்பதை நிலவறைத் தலைவர் முடிவு செய்கிறார். 1990 முதல் 2018 வரை அப்பொறுப்பில் இருந்த ரிஷார் ஜெஃப்ருவா மருத்துவம் படித்தவர். பின்னர் இவர் சப்பானில் சாக்கே என்னும் அரிசி மதுவைப் பல வகைகளைக் கலந்து ஆக்கும் முயற்சியில் இறங்கினார். 2019 முதல் வின்சென்ட் சாப்பரோன் பொறுப்பேற்றுள்ளார்.

2003 ஆம் ஆண்டு இம்முடிவின் கடினத்தைக் காட்டுகிறது. அவ்வாண்டு ஏப்ரலில் விழுந்த உறைபனியில் சார்டொனே பெருமளவு அழிந்தது. கோடையில் ஐரோப்பாவெங்கும் கடும் வெப்ப அலை வீசியது. வழக்கமாகச் செப்டம்பரில் நடைபெறும் அறுவடை ஆகத்து மாதத்திலேயே தொடங்கியது. பல நிறுவனங்கள் அவ்வாண்டைக் கைவிட்டபோதும், கறுப்புத் திராட்சையின் பங்கைக் கூட்டி டோம் பெரிஞோன் வெளியிடப்பட்டது. 2002 முதல் 2006 வரை ஐந்து ஆண்டுகளும் தொடர்ச்சியாகத் தகுதி பெற்றன. முன்பு இவ்வாறு நேர்ந்ததில்லை. புவி வெப்பமாதல் திராட்சையை முழுதாகப் பழுக்கச் செய்வது இதற்கு ஒரு காரணம். ஆயினும் "அரிய ஆண்டு" என்ற சொல்லின் மதிப்பு இதனால் குறைகிறது என்பதையும் மறுக்க இயலாது.

கலந்த ஒயின், சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் அடைக்கப்படுகிறது. அடைத்த புட்டியில் வெளியேற வழியில்லாத கரியமில வாயு ஒயினில் கரைந்து, ஏறத்தாழ 6 வளிமண்டல அழுத்தத்தை எட்டுகிறது. ஆண்டு குறித்த சாம்பெயின் குறைந்தது மூன்று ஆண்டுகளேனும் முதிர வேண்டும் என்பது விதி. டோம் பெரிஞோன் பொதுவாக எட்டு ஆண்டளவில் வெளிவருகிறது.

இந்தியாவில்

1980களில் மகாராட்டிரத்தின் நாராயண்காவில், பைப்பர் ஐட்சீக் என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் ஒமர் கய்யாம் என்ற நுரை ஒயின் புட்டியில் நொதிக்கும் முறையிலேயே தயாரிக்கப்பட்டு ஏற்றுமதியானது. அதனைத் தயாரித்த இன்டேஜ் நிறுவனம் பிற்காலத்தில் கடன் நெருக்கடியால் கலைக்கப்பட்டது. 2013 இல் மொயே குழுமம் நாசிக் மாவட்டத்தில் சாந்தோன் என்ற பெயரில் நுரை ஒயின் வெளியிட்டது. சாம்பெயின் என்பது இந்தியாவிலும் பதிவு பெற்ற புவிசார் குறியீடு; ஆதலால் அப்பெயரை அக்குழுமமே இங்கு விளைந்த ஒயினுக்கு இட முடியாது.

அறுவடை ஆண்டு என்ற கருத்து, ஆண்டுக்கு ஒரே அறுவடை உள்ள நாட்டில் தோன்றியது. நாசிக்கில் கொடியை ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து, குளிர்காலத்தையொட்டிய ஒரே அறுவடை பெறப்படுகிறது. 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சையோ ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது.