பூட்டு அப்படியே இருக்கும், பொருள் இருக்காது! ஓசூர் பட்டறைகளில் புகும் திருடர்கள்

ஓசூர்,

காலை 8 மணி. ஷட்டரைத் தூக்குகிறார் பட்டறைக்காரர். இரண்டு பக்கப் பூட்டும் சரியாக இருக்கிறது. ஆனால் உள்ளே என்றைக்கும் இல்லாத வெளிச்சம்!

அண்ணாந்து பார்த்தால் கூரையில் ஒரு ஷீட்டைக் காணோம். கீழே பார்த்தால் காப்பர் கேபிள் சுருள் இல்லை. பித்தளைத் தூள் மூட்டை இல்லை. அலமாரியில் இருந்த கார்பைடு டிப் பெட்டிகள் மொத்தமாகக் காலி.

‘‘பட்டறையில என்ன சார் இருக்கு? வெறும் இரும்புதானே! எவன் வந்து தூக்கிட்டுப் போகப்போறான்?’’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அப்போதுதான் தலையில் கை வைக்கிறார்.

சிப்காட்டு, சிட்கோ பேட்டைகளைச் சுற்றி லேத், மில்லிங், வெல்டிங், முலாம் பூசுதல் என்று சின்னச்சின்ன ஷெட்டுகள் நிறைந்த ஊர் ஓசூர். பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்து பிழைப்பவர்கள் இவர்கள். வாடகை ஷெட்டு, கடனில் வாங்கிய மெஷின், மாதம் தவறாத தவணை. ஒரு ராத்திரி திருடன் புகுந்தால் ஒரு மாத வேலை படுத்துவிடும். மெஷின் ஓடவில்லை என்பதற்காக பேங்கு தவணையை நிறுத்தாது.

எல்லை பக்கத்தில்!

இந்த ஊருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம். பெங்களூர் சுமார் 40 கிலோ மீட்டர்தான். ராத்திரி 2 மணிக்கு ஏற்றிய செம்பு, பொழுது விடியுமுன் வேறு மாநிலத்துப் பழைய இரும்புக் கடை வாசலில் நிற்கலாம். அங்கே உருக்கிவிட்டால் அது உங்கள் செம்பா, ஊரார் செம்பா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது வணிகவரி சோதனைச் சாவடிகளையும் எடுத்துவிட்டார்கள். லாரிக்காரர்களுக்கு நிம்மதி. சரக்கோடு போகும் திருடனுக்கும்தான்.

பூட்டு வாங்கித் தருவது நேரத்தை மட்டுமே. போன பொருளைத் திருப்பித் தருவது அடையாளம். இதை ஓசூரே ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறது.

துப்பாக்கி முனையில்...

2021-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி வெள்ளிக்கிழமை. ஓசூர் பாகலூர் ரோட்டில் உள்ள முத்தூட் பைனான்ஸ் கிளையை ஊழியர்கள் அப்போதுதான் திறந்திருந்தார்கள். முகமூடியும் ஹெல்மெட்டுமாக ஒரு கும்பல் புகுந்தது. துப்பாக்கியைக் காட்டி ஊழியர்களைக் கட்டிப்போட்டது. லாக்கரில் இருந்த சுமார் 25 கிலோ அடகு நகைகளை அள்ளிக்கொண்டு ஓடியது. பட்டப்பகலில் நடந்த இந்தத் துணிகரக் கொள்ளையால் ஊரே பரபரப்பு அடைந்தது.

கொள்ளையர்கள் தமிழ்நாட்டைக் கடந்தார்கள். கர்நாடகத்தைக் கடந்தார்கள். ஆனால் மறுநாளே ஐதராபாத் அருகே சைபராபாத் போலீசாரிடம் அகப்பட்டுக்கொண்டார்கள். நகையும் கிடைத்தது.

காட்டிக்கொடுத்தது எது? நகைப் பையில் கிடந்த சின்ன ஜி.பி.எஸ். கருவி! தான் இருக்கும் இடத்தை அது சொல்லிக்கொண்டே போயிற்று. ஓசூர் போலீசார் தகவல் கொடுக்க, வழியில் காத்திருந்து மடக்கிவிட்டார்கள். இரும்புக் கதவும் கனத்த லாக்கரும் செய்யாத வேலையை, உள்ளங்கையில் அடங்கும் பெட்டி செய்தது.

பட்டறைத் தொழில், பேங்கில்!

அதற்கு ஆறு வருஷம் முன்பு, 2015 ஜனவரியில் கிருஷ்ணகிரி அருகே குந்தாரப்பள்ளிப் பகுதியில் நடந்தது நேர்மாறான கதை. அங்குள்ள பாங்க் ஆப் பரோடா கிளைக்குள் ஜன்னல் கம்பியை அறுத்து நுழைந்தார்கள். இரும்புப் பெட்டகத்தை காஸ் கட்டர் வைத்து வெட்டினார்கள். போனது சுமார் 48 கிலோ நகை. ஏறக்குறைய 6 ஆயிரம் பவுன்!

பட்டறைக்காரர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காஸ் கட்டர் யாருடைய கருவி? உங்களுடையது! பேங்கில் திருடப் போகிறவன் அதைச் சுமந்துகொண்டு போக வேண்டும். உங்கள் ஷெட்டிலோ சிலிண்டர், ஹோஸ், டார்ச் எல்லாம் சுவர் ஓரமாகத் தயாராக நிற்கிறது. போதாததற்கு கிரைண்டர் வேறு. கூரை வழியாகக் கையை வீசிக்கொண்டு வருகிறவன், உங்கள் கருவியாலேயே உங்கள் அலமாரியை அறுக்கலாம்.

ஆகையால் சாயங்காலம் டார்ச்சையும் ரெகுலேட்டரையும் கழற்றிப் பூட்டி வையுங்கள். சிலிண்டரைச் சங்கிலி போட்டுச் சுவரோடு கட்டுங்கள். கிரைண்டர் வெளியே கிடக்கக்கூடாது. ஏணியும்தான். பின்பக்கச் சுவரில் சாய்த்து வைத்த ஏணி, திருடனுக்கு வைத்த வெற்றிலை பாக்கு.

போல்ட் வெளியே இருக்கிறது

ஷட்டருக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து பூட்டுப் போடுகிறோம். கூரையைப் பாருங்கள். தகரமோ சிமெண்டு ஷீட்டோ, ஜே போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அந்த நட்டு எங்கே இருக்கிறது? வெளியே, மேலே! ஒரு ஸ்பேனர் இருந்தால் சத்தமே இல்லாமல் ஷீட்டைக் கழற்றலாம். ஒரு ஷீட்டு விலகினால் ஆள் இறங்க இடம் போதும்.

நட்டை முடுக்கிய பிறகு போல்ட்டின் மரையைச் சுத்தியால் நசுக்கிவிட்டால் ஸ்பேனர் வேலை செய்யாது. தகரக் கூரையாக இருந்தால் வெல்டிங் பொட்டு வைக்கலாம். அதைவிட நல்லது, ஷீட்டுக்குக் கீழே சட்டத்தோடு சேர்த்து வெல்டு மெஷ் அடிப்பது. முழுக் கூரைக்கும் முடியாவிட்டால் ஆபீஸ் அறைக்கும் சாமான் அறைக்கும் மேலேயாவது அடிக்கலாம். வெல்டிங் செட் உங்களிடமே இருக்கிறது. கூலியும் மிச்சம்.

அடுத்தது, காற்றுக்காக விட்ட எக்சாஸ்ட் பேன் ஓட்டை. பேனை நாலு ஸ்குரூவில் நிறுத்தியிருப்பார்கள். கழற்றினால் ஒல்லியான ஆள் தாராளமாக நுழைவான். உள்பக்கம் கம்பி வைத்து அடைக்க வேண்டும்.

பின்பக்கம் ஹாலோ பிளாக் சுவர். கடப்பாரைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 2019 அக்டோபரில் திருச்சி லலிதா ஜுவல்லரியில் கோடிக்கணக்கான ரூபாய் நகைகள் போனதும் பின்சுவரில் போட்ட ஓட்டை வழியாகத்தான். அந்த வழக்கில் தேடப்பட்ட முக்கிய ஆசாமி பெங்களூர் கோர்ட்டில் போய்ச் சரணடைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. கன்னம் வைப்பது நம் தாத்தா காலத்துத் தொழில். இன்றும் செத்துப்போகவில்லை. பின்சுவர் ஓரம் புதர் மண்டவிடாமல், ஒரு விளக்கு எரிய விட்டாலே பாதி தைரியம் போய்விடும்.

ஷட்டருக்கு வருவோம். நடுவில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினால் பக்கப் பூட்டு இரண்டும் இருந்தபடியே ஷட்டர் வில்லாக வளையும். நடுவில் தரையோடு ஒரு பூட்டு வேண்டும். சின்னக் கதவுக்குப் பெரிய பூட்டு வாங்கி, கொண்டியை மர ஸ்குரூவில் நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். திருடன் பூட்டைத் தொடமாட்டான். கொண்டியைப் பெயர்ப்பான். கொண்டிக்கு உள்பக்கம் நட்டு வைத்த போல்ட் போடுங்கள்.

காமிராவையும் சேர்த்து...

‘‘நம்மகிட்ட காமிரா இருக்குங்க’’ என்று நெஞ்சை நிமிர்த்துகிறவர்கள் உண்டு. ரெக்கார்டர் பெட்டி எங்கே? மேஜைமேல்! திருடன் போகும்போது அதையும் கையோடு தூக்கிக்கொண்டு போவான். பரண்மேல் இரும்புப் பெட்டிக்குள் மறைத்து வைக்க வேண்டும். உயரத்தில் மாட்டிய காமிரா தொப்பியைத்தான் படம் எடுக்கும். வாசலில் ஒன்றாவது முக உயரத்தில் இருக்கட்டும்.

மீட்டர் பெட்டி வெளியே இருக்கிறது. பியூசைப் பிடுங்கினால் காமிராவும் சைரனும் சேர்ந்து தூங்கும். பேட்டரி இல்லாத அலாரம் வாங்குவது வீண் செலவு. சிம் கார்டு போட்டு, கதவு அசைந்தால் உங்கள் போனுக்கு மணி அடிக்கும் கருவிகள் இப்போது கிடைக்கின்றன. ஆனால் அந்த சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துவிடுகிறவர்கள்தான் அதிகம்!

யார் மேல் சந்தேகம்?

திருட்டு நடந்ததும் ‘‘எல்லாம் வெளியூர்க்காரப் பசங்க வேலை’’ என்று கை நீட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆதாரம் இல்லாமல் இப்படிப் பேசுவது சரியல்ல. வேலை செய்கிறவர் எந்த ஊராக இருந்தாலும் அடையாள அட்டை நகலும் போட்டோவும் வாங்கி வையுங்கள். டிரைவர், ஸ்கிராப் எடுக்க வருகிறவர், மெஷின் ரிப்பேர்காரர் எல்லோருக்கும் அதே சட்டம்தான். எது எந்த அலமாரியில் என்று அவர்களுக்கும் தெரியும்.

சாவி வைத்திருந்தவர் வேலையை விட்டால் பூட்டை மாற்றுங்கள். சில நூறு ரூபாயோடு போகும்.

இன்சூரன்ஸ் காகிதத்தைப் படித்தீர்களா?

பட்டறைக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். திருட்டு பாலிசியில் பொதுவாக, பலாத்காரமாக உடைத்து நுழைந்திருக்க வேண்டும் என்று எழுதியிருக்கும். கதவு திறந்து கிடந்து பொருள் போனால், அல்லது உள்ளே இருக்கும் ஆளே எடுத்தால், பணம் வருவது சந்தேகம்.

2004-ல் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு வியாபாரிக்கும் நடந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதையே சொன்னது. குடோனில் இருந்து மூட்டைகள் திருடு போனது உண்மை. ஆனாலும் பாலிசியில் கண்டபடி பலாத்காரம் நடக்கவில்லை என்பதால் வியாபாரிக்குப் பணம் கிடைக்கவில்லை.

ஆகையால் உடைந்த கூரையை அவசரப்பட்டு மூடாதீர்கள். முதலில் போட்டோ. பெயர்ந்த கொண்டி, வளைந்த கம்பி எல்லாமே சாட்சி. கூட்டிப் பெருக்கவும் வேண்டாம். கைரேகை எடுக்க வருகிறவர்களுக்கு ஏதாவது மிஞ்ச வேண்டும்.

இன்னொன்று. ஜாப் ஒர்க்குக்கு வந்த காஸ்டிங்கும் டையும் உங்கள் பொருள் அல்ல; கம்பெனியுடையது. பிறர் பொருளும் சேர்த்தி என்று பாலிசியில் தனியாக எழுதாவிட்டால் அதற்குப் பணம் வராது. கம்பெனியோ உங்கள் பில்லில் பிடித்துக்கொள்ளும். புதுப்பிக்கும்போது ஏஜெண்டிடம் இதை ஒரு வார்த்தை கேளுங்கள்.

வெந்த புண்ணில் வேல் வேறு. களவு போன சரக்குக்கு, வாங்கியபோது கட்டிய ஜி.எஸ்.டி.யை நீங்கள் கழித்துக்கொண்டிருந்தால் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். சட்டம் அப்படி!

‘‘எங்க எல்லை இல்லை’’

எல்லையோரத்தில் இருப்பவர்களுக்குப் பழக்கமான வசனம் இது. பட்டறை இங்கே, பொருள் நின்ற லாரி அங்கே என்றால் இரண்டு ஸ்டேஷனுக்கும் அலைய வேண்டும்.

1-7-2024 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவு இதற்கு வழி செய்திருக்கிறது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அதை வாங்கிப் பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இணையத்தில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். வாங்க மறுத்தால் மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்கு எழுதலாம்.

மனு ரசீது என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்புவார்கள். அது எப்.ஐ.ஆர். அல்ல. அதை எடுத்துக்கொண்டு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பொருள் பிடிபட்டாலும் கோர்ட்டு மூலமாகத்தான் வாங்க வேண்டும். வழக்கு முடியும் வரை ஸ்டேஷன் முற்றத்தில் துருப்பிடிக்க விட வேண்டியதில்லை. போட்டோவும் பட்டியலும் எடுத்துக்கொண்டு, பத்திரம் எழுதி வாங்கி உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்று 2002-ல் ஒரு குஜராத் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறது.

ஆனால் ‘‘இது என்னுடையதுதான்’’ என்று எப்படிச் சொல்வீர்கள்?

போலீஸ் நிலையத்தில் வரிசையாகப் பத்து மோட்டார் கிடக்கும். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே பச்சை பெயிண்டு. ஒட்டிய நம்பர் தகடுகளைத் திருடன் பெயர்த்திருப்பான். அங்கே கைகொடுப்பது எழுத்துப் பஞ்சில் அடித்த உங்கள் குறிதான். மோட்டார் பாடியிலும் சக்கிலும் வைஸிலும் வெல்டிங் செட்டின் அடியிலும் கண்ணில் படாத இடத்தில் மூன்று எழுத்து அடித்து வைத்தால் போதும். கேபிள் டிரம்மில் ஒரு ஜி.பி.எஸ். கருவியை ஒளித்து வைக்கலாம். சார்ஜ் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நாலைந்து நாள் ஷெட்டை மூடிவிட்டு ஊருக்குப் போகிறோம். போகுமுன் போலீஸ் நிலையத்தில் சொன்னால், ராத்திரி ரோந்து வருகிறவர்கள் கையெழுத்துப் போட பட்டா புத்தகம் வைக்கக் கேட்கலாம். பக்கத்துப் பத்து ஷெட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு வாட்ச்மேன் போட்டால், ஆளுக்கு விழும் பங்கு பெரிதாக இருக்காது.

சாமான் பட்டியல் எழுத நேரம் இல்லை என்கிறீர்களா? ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு கருவியையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கத்தான் போகிறீர்கள். பொட்டு வைக்கிற கையோடு நம்பரையும் நோட்டில் எழுதுங்கள், செல்போனில் ஒரு படம் எடுங்கள். பையன்கள் பொரி கடலை தின்று முடிப்பதற்குள் வேலை முடிந்துவிடும்.