கேட்சருக்குப் பின்னால் நிற்பவர்

அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூட பேஸ்பால் ஆட்டத்துக்கு அம்பயராகப் போகிற இருவர், கிளம்புவதற்கு முன் ஃபோனில் ஒரு விஷயத்தைப் பேசி முடித்துவிடுவார்கள்: இன்றைக்கு என்ன சட்டை? கறுப்பா, கருநீலமா, வெளிர்நீலமா? இருவரும் ஒரே நிறத்தில் வந்தாக வேண்டும். ஒருவர் கறுப்பிலும் மற்றவர் வெளிர்நீலத்திலும் வந்து நின்றால், முதல் பந்து வீசுவதற்குள்ளேயே இரு அணிப் பயிற்சியாளர்களும் 'வந்திருப்பது கற்றுக்குட்டிகள்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். கால்சட்டையிலும் கரிச்சாம்பல், வெளிர்சாம்பல் என்று இரண்டு கட்சி உண்டு. ஷூ கறுப்பு, அதுவும் பாலிஷ் போட்டது. ஆள் பாதி ஆடை பாதி என்பது இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்த பழமொழி.

இத்தனை அக்கறைக்குக் காரணம் உண்டு. பகலில் வாத்தியாராகவோ தபால்காரராகவோ இருந்துவிட்டு மாலையில் மைதானத்துக்கு வருகிறவர்கள் இவர்கள். உடை மாற்றும் அறை என்பது பெரும்பாலும் அவரவர் காரின் டிக்கிதான். பள்ளி ஆட்டங்களில் ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கூலி உண்டு. சிறுவர்கள் ஆடும் லிட்டில் லீகில் பலர் காசு வாங்காமலே நிற்கிறார்கள். பென்சில்வேனியாவின் சவுத் வில்லியம்ஸ்போர்ட்டில் நடக்கும் அதன் உலகக் கோப்பையில்கூட அம்பயர்கள் தன்னார்வலர்களே. தொழில்முறை அம்பயருக்கு இருப்பதுபோல் வீடியோ மறுபரிசீலனை வழக்கமான ஆட்டங்களில் இவர்களுக்குக் கிடையாது, காவலுக்கு ஆளும் கிடையாது. சட்டையும் நிற்கிற நிலையும் குரலும்தான் முதலீடு.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு ஆட்டத்தின் அமைப்பு சுலபமாகப் பிடிபடும். 90 அடிப் பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு நிலைகள், அதாவது பேஸ்கள். அவற்றில் ஒன்று ஹோம் பிளேட். பேட்டர் நிற்பது அங்கே. அவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கக் குந்தியிருப்பவர் கேட்சர். 60 அடி 6 அங்குலம் தள்ளி, பந்து வீசும் பிட்சர். அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்தும் அடிபடாத பந்து ஸ்ட்ரைக், எல்லைக்கு வெளியே போய் பேட்டர் விட்டுவிட்டது பால். மூன்று ஸ்ட்ரைக் என்றால் பேட்டர் அவுட், நான்கு பால் என்றால் அவர் நடந்தே முதல் பேஸுக்குப் போகலாம். கிரிக்கெட் அம்பயர் பெரும்பாலும் கேட்டால்தான் விரலைத் தூக்குவார். இங்கே பேட்டர் தொடாமல் விட்ட ஒவ்வொரு பந்துக்கும், யாரும் கேட்காமலே, ஸ்ட்ரைக்கா பாலா என்று சொல்லியாக வேண்டும்.

அதனால் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயரின் உடுப்பு முழுக்க இரண்டே தேவைகளுக்காக உருவானது: அடி படக்கூடாது, பார்வை மறையக்கூடாது. தொப்பியைப் பாருங்கள். பேஸ் பக்கம் நிற்பவரின் தொப்பி வழக்கமானது. பிளேட் அம்பயருடையதில் முன்விளிம்பு கட்டை. முகக்கவசத்தைச் சட்டென்று கழற்றும்போது விளிம்பு மாட்டித் தொப்பி பறந்துவிடக் கூடாதே. கவசத்தை இடது கையால்தான் கழற்ற வேண்டும், ஏனென்றால் அவுட்டும் ஸ்ட்ரைக்கும் காட்டுவது வலது கை. எண்ணிக்கை வைத்துக்கொள்ளும் சின்னச் சக்கரக் கருவியும் இடது கையில். நெஞ்சுக் கவசம் சட்டைக்குள்ளே போவதால் பிளேட் சட்டையை ஓர் அளவு பெரிதாக வாங்குவார்கள். முழங்கால் தகடு மறையும்படி பிளேட் கால்சட்டை அகலமாகத் தைக்கப்பட்டிருக்கும். ஷூவின் விரல் நுனியில் இரும்பு.

நெஞ்சுக் கவசம் சட்டைக்குள் போன கதையே தனி. தொழில்முறை ஆட்டத்தின் இரு பெரும் லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் பில் கிளெம் போன்ற அம்பயர்கள் உள்கவசத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். மற்றதான அமெரிக்கன் லீகிலோ, மெத்தைபோல் உப்பிய பெரிய கவசத்தை வெளியே கைகளில் பிடித்துக்கொண்டு கேட்சரின் தலைக்கு மேலாகப் பார்த்தார்கள். உள்கவசக்காரர் குனிந்து, கேட்சரின் தோளோரம் தலையை நுழைத்துப் பார்க்க முடிந்தது. பலன், ஒரே விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒரு லீகில் தாழ்வான பந்து ஸ்ட்ரைக் ஆனது, மற்றதில் உயரமான பந்து ஸ்ட்ரைக் ஆனது என்று ஆட்டக்காரர்கள் காலம் காலமாகச் சொல்லிவந்தார்கள். 1977 முதல் அமெரிக்கன் லீகில் புதிதாகச் சேர்ந்தவர்கள் உள்கவசத்துக்கு மாறினார்கள். பழைய மெத்தையைக் கடைசிவரை விடாத ஜெர்ரி நியூடெக்கர் 1985இல் ஓய்வுபெற்றார். உடுப்பு தீர்ப்பை மாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இன்று எல்லாருமே நிற்பது கேட்சருக்கும் பேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான். மோவாய் கேட்சரின் தலையுச்சி மட்டத்துக்கு வர வேண்டும். பந்து வரும்போது கண் நகரலாம், தலை நகரக்கூடாது. பிளேட்டின் அகலம் 17 அங்குலம். பந்தின் ஓரம் பிளேட்டின் ஓரத்துக்கு மேலே லேசாக உரசினாலும் ஸ்ட்ரைக் என்பதால், கிட்டத்தட்ட 3 அங்குல விட்டமுள்ள பந்துக்குக் கிடைக்கும் இடம் உண்மையில் 23 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஸ்ட்ரைக் எல்லையின் உயரம் ஆளுக்கு ஆள் மாறும்: பள்ளி விதிப்படி கீழே முழங்கால், மேலே தோளுக்கும் இடுப்புக்கும் நடுப்பாதி. மணிக்கு 80 மைலில் வீசும் பள்ளிப் பையனின் பந்து அரை நொடிக்குள் வந்து சேர்ந்துவிடும். புதியவர்கள் தவறுவது கண்ணால் அல்ல, வாயால். பந்து வந்துகொண்டிருக்கும்போதே நாக்கு முந்திக்கொள்கிறது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. பந்து கையுறையில் விழுந்த பிறகு, ஒரு மூச்சு விட்டு, பார்த்ததை மனதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல் என்பதுதான் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது.

பிளேட்டைத் துடைக்கும் சின்ன பிரஷ் ஒன்று பையில் இருக்கும். துடைக்கும்போது பார்வையாளர்களுக்குப் பின்புறம் காட்டாமல், மைதானத்துக்கு முதுகைக் காட்டிக் குனிவது மரபு. இந்த பிரஷுக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. மட்டையில் பட்டுத் திரும்பிய பந்து கேட்சரின் உடம்பில் பலமாக அடித்துவிட்டால், அம்பயர் சுத்தமாக இருக்கும் பிளேட்டை மெதுவாக, மிக மெதுவாகத் துடைப்பார். பையன் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான். அடி அம்பயருக்கு விழுந்தால் கேட்சர் ஏதோ பேச இருப்பதுபோல் பிட்சரை நோக்கி நடந்துபோவார்.

அடுத்தவர், பேஸ் அம்பயர். அவர் வேலை இன்னும் கஷ்டம். நான்கு நிலைகளுக்கு இரண்டு அம்பயர் என்பதால் அவர் நிற்குமிடம் ஆட்டத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். பேஸில் ஆளில்லாதபோது முதல் பேஸுக்குப் பின்னால், கோட்டுக்கு வெளியே. ஆள் ஏறிவிட்டால் பிட்சருக்கும் இரண்டாம் பேஸுக்கும் நடுவில். முதல் பேஸில் நெருக்கமான ஓட்டம் என்றால் கண் பேஸின் மீதும் ரன்னரின் பாதத்தின் மீதும் இருக்கும். பந்து வந்ததைக் காது சொல்லும், கையுறையில் விழும் 'டப்' சத்தமாக. 18 அடி தூரத்தில் இது சரிப்பட்டு வரும். சத்தம் அந்தத் தூரத்தைக் கடக்க நொடியில் அறுபதில் ஒரு பங்குதான் ஆகும். உள்ளே நடுவில் நிற்கும்போது முதல் பேஸ் 70 அடிக்கு அப்பால் போய்விடுகிறது. அங்கிருந்து சத்தம் வந்து சேர்வதற்குள், நொடிக்கு 24 அடி ஓடும் பையன் ஏறக்குறைய ஒன்றரை அடி கடந்திருப்பான். காதை மட்டும் நம்பினால் அந்த ஒன்றரை அடியும் ரன்னருக்கு இலவசம். அதனால்தான் அங்கே நிற்பவர், எறிதல் கிளம்பியதும் இரண்டு மூன்று எட்டு வைத்து நல்ல கோணம் தேடிக்கொள்கிறார்.

இனி விதிகள். எல்லாவற்றிலும் சுவையானது இன்ஃபீல்ட் ஃப்ளை. முதல் இரண்டு பேஸிலும் ரன்னர்கள் நிற்கிறார்கள், இரண்டு அவுட் ஆகவில்லை என்று வையுங்கள். பேட்டர் பந்தைச் செங்குத்தாக மேலே அடித்துவிட்டார். பிடித்துவிடுவார்கள் என்று நினைத்து ரன்னர்கள் பேஸை ஒட்டியே நிற்க வேண்டும். விலகிப் போய், பந்தும் பிடிபட்டால், திரும்பி வருவதற்குள் அவுட். கில்லாடியான ஃபீல்டர் என்ன செய்வார்? பந்தை வேண்டுமென்றே கீழே விடுவார். இப்போது ரன்னர்கள் அடுத்த பேஸுக்கு ஓடியே தீர வேண்டும்; நின்ற இடத்திலிருந்து அவர்கள் கிளம்புவதற்குள் மூன்றாம் பேஸ், இரண்டாம் பேஸ் என்று எறிந்து இரண்டு அவுட். இந்தக் குள்ளநரித்தனத்தை அடைக்க 1890களில் விதி வந்தது: பந்து காற்றில் இருக்கும்போதே அம்பயர் கையை உயர்த்தி பேட்டர் அவுட் என்று அறிவித்துவிடுவார். ரன்னர்கள் ஓட வேண்டிய கட்டாயம் அதோடு போயிற்று. இந்த விதி ஆங்கிலேயப் பொதுச்சட்டம் போலவே வளர்ந்தது என்று வில்லியம் ஸ்டீவன்ஸ் என்பவர் 1975இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சட்ட இதழில் பாதி விளையாட்டாக எழுதிய கட்டுரையை வக்கீல்கள் இன்றும் ரசிக்கிறார்கள்.

விதியின் முடிச்சு ஒரே இடத்தில் இருக்கிறது. இன்ஃபீல்டர், அதாவது சதுரத்தை ஒட்டி நிற்கும் ஃபீல்டர், 'சாதாரண முயற்சியில்' பிடிக்கக்கூடிய பந்தாக இருக்க வேண்டும். யாருடைய சாதாரணம்? அந்த லீகின் சராசரி ஆட்டக்காரருடையது என்கிறது விதிப்புத்தகம். கல்லூரி மைதானத்தில் கண்ணை மூடிக்கொண்டு அறிவிக்கலாம். பத்து வயதுப் பிள்ளைகள் ஆடும் இடத்தில், மேலே போன பந்தைப் பார்த்துத் தலையைக் கையால் மூடிக்கொள்ளும் பையன் அடியில் நிற்கும்போது அதே பந்துக்கு என்ன சொல்வது? நல்ல அம்பயர் பந்தைப் பார்ப்பதில்லை. ஃபீல்டரின் காலைப் பார்க்கிறார். அந்தக் கால் ஓட்டத்தை நிறுத்தி ஓரிடத்தில் ஊன்றிவிட்டால் கை உயரும். பெரிய ஆட்டத்திலேயே இது வில்லங்கமானதுண்டு. 2012 அக்டோபர் 5 அன்று அட்லாண்டாவில், இன்ஃபீல்டைத் தாண்டி வெளிப்புல்லில் வெகு தூரம் போன ஒரு பந்துக்கு அம்பயர் சாம் ஹோல்புரூக் கையை உயர்த்தினார். பந்து பிடிபடாமல் விழுந்தது. உள்ளூர் ரசிகர்கள் பாட்டில்களை வீச, ஆட்டம் நின்றுபோனது. விதிப்படி பார்த்தால் அவர் பக்கம் நியாயம் இருந்தது என்பதே என் கட்சி. கையை அத்தனை தாமதமாக உயர்த்தியதுதான் வினை.

பெற்றோர் கூட்டம் கத்தும் 'சட்டங்கள்' பல புத்தகத்திலேயே இல்லாதவை. 'கையும் மட்டையில் சேர்த்தி' என்பார்கள். கை உடம்பைச் சேர்ந்ததே. 'சமமாக வந்தால் ரன்னருக்கே' என்பார்கள். தொழில்முறை விதியில் அப்படி ஒரு வரி கிடையாது. முதல் பேஸுக்கு ஓடும் பேட்டர், தான் பேஸைத் தொடுமுன் பந்து வந்தால் அவுட். கட்டாயத்தில் ஓடும் மற்ற ரன்னரைப் பற்றி நெடுங்காலம் இருந்த வாசகமோ, பந்து வருமுன் அவர் போய்ச் சேராவிட்டால் அவுட் என்றது. அந்த வாசகங்களை எழுத்துக்கு எழுத்து படித்தால் ஓரிடத்தில் சமநிலை ரன்னருக்குச் சாதகம், இன்னோரிடத்தில் ஃபீல்டருக்கு. பழுத்த அம்பயர்களைக் கேட்டால் சமநிலை என்ற ஒன்றே கிடையாது என்று சொல்லிவிடுவார்கள்.

போதாததற்குப் புத்தகமே ஒன்றல்ல. பள்ளிக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று, தொழில்முறைக்கு ஒன்று. ரன்னரை ஏமாற்றும்படி பிட்சர் செய்யும் பிசகான அசைவுக்கு பாக் என்று பெயர். தொழில்முறை விதியில் பாக் அறிவித்த பிறகும் ஆட்டம் தொடரலாம். அந்தப் பந்தை பேட்டர் ஹோம் ரன் அடித்தால் அது செல்லும். பள்ளி விதியில் பாக் நிகழ்ந்த கணமே பந்து செத்துவிட்டது. வேலிக்கு வெளியே போனாலும் ஹோம் ரன் ரத்து, பேட்டர் திரும்பிவந்து மறுபடி நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை பள்ளி ஆட்டம், சனிக்கிழமை பெரியவர்கள் ஆட்டம் என்று மாறி மாறி நிற்பவர், இன்று எந்தப் புத்தகம் என்பதைக் காரிலிருந்து இறங்கும்போதே நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

சத்தம் போடும் பயிற்சியாளரை எப்போது வெளியேற்றுவது என்பதற்கும் நடைமுறைக் கணக்கு உண்டு. 'அந்தப் பந்து ரொம்பத் தாழ்வு சார்' என்றால் காதில் விழாததுபோல் இருந்துவிடலாம். 'உனக்குக் கண் தெரியாதா?' என்றால் பேச்சு பந்தை விட்டு ஆளுக்கு வந்துவிட்டது. ஆளைத் தாக்குவது, கெட்ட வார்த்தை, விடாமல் இழுப்பது. இந்த மூன்றில் ஒன்று வந்தால் முதலில் எச்சரிக்கை, பிறகு வாசல். வார்த்தை மோசமாக இருந்தால் எச்சரிக்கையே இல்லாமல் வாசல்.

கடைசியாக, வெளியாள் சுலபத்தில் நம்பாத ஒன்று. ரன்னர் மூன்றாம் பேஸை மிதிக்காமல் தாண்டி ஓடிப்போய் ஹோமில் ரன் எடுத்துவிட்டார். அம்பயர் கண்ணெதிரே பார்த்தார். அவர் செய்ய வேண்டியது, ஒன்றும் சொல்லாமல் இருப்பது. பேட்டிங் வரிசை மாறி ஆள் வந்து நின்றாலும் அதே மௌனம்தான். எதிரணி கவனித்து முறையிட்டால் மட்டுமே அவுட் தருவார். பள்ளி விதியில் பந்து செத்திருக்கும்போது பயிற்சியாளர் வாயால் சொன்னாலே போதும். தொழில்முறை விதியில் ஆட்டம் உயிரோடிருக்கும்போது பந்தைக் கொண்டுபோய் அந்தப் பேஸைத் தொட வேண்டும். இரண்டிலும் கெடு ஒன்றே: அடுத்த பந்து வீசப்பட்டுவிட்டால் மிதிக்காத பேஸ் மிதித்த பேஸாகிவிடும், அந்த ரன் ஸ்கோர் புத்தகத்தில் ஏறிவிடும்.