தலைநகரில் ஒரு நாள் – 6: பிராக்

பொகிமிய மன்னர்கள் முடிசூட்டிக்கொள்ளப் போன வழியில் பிராக் நகரில் இன்றும் நடக்கலாம். பழைய நகரின் வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, சதுக்கம், சார்லஸ் பாலம், நெருடோவா தெரு என்று நீண்டு, மேட்டிலுள்ள கோட்டையில் முடியும் அரச வீதி அது. தனியாகச் சுற்றுபவர் அதைத் தலைகீழாக நடப்பதே உத்தமம். 22ஆம் எண் டிராம் கோட்டைக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடும். அங்கிருந்து எல்லாம் இறக்கம்தான். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். மறந்தால், டிக்கெட் கையில் இருந்தாலும் அபராதம் உண்டு.

9ஆம் நூற்றாண்டில் தோன்றிய கோட்டை, அரண்மனையும் ஆலயங்களும் சந்துகளும் அடங்கிய ஒரு சிற்றூர். நடுவில் நிற்கும் புனித வீட்டஸ் பேராலயத்தை 1344இல் தொடங்கி 1929இல்தான் முடித்தார்கள். ஹுசைட் எனும் மதச் சீர்திருத்தக்காரர்களின் போர்களில் நின்றுபோன வேலை அது. பழைய அரண்மனையில் தவறவிடக் கூடாதது ஒரு ஜன்னல். 1618இல் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் பேரரசரின் ஆளுநர்கள் இருவரையும் செயலரையும் அதன் வழியே வெளியே தள்ளினார்கள். மூவரும் பிழைத்துக்கொண்டார்கள், ஆனால் அதையொட்டி மூண்ட போர் ஐரோப்பாவை 30 ஆண்டுகள் அலைக்கழித்தது.

நெருடோவா தெருவில் வாசல்களுக்கு மேலே மூன்று வயலின், இரண்டு சூரியன் என்று சின்னங்கள் தெரியும். 1770இல் கதவு எண் வரும்வரை அவையே விலாசம்.

மன்னர் நான்காம் சார்லஸ் 1357இல் கட்டத் தொடங்கிய பாலத்தின் நீளம் 516 மீட்டர். 1841 வரை வல்டாவா ஆற்றுக்கு நகரில் வேறு பாலம் கிடையாது. இருபுறமும் உள்ள 30 சிலைகளில் நேபோமுக் யோவான் சிலையடியில்தான் கூட்டம் மொய்க்கும். தொட்டுத் தொட்டு அதன் வெண்கலத் தகடு பளபளக்கிறது. தமிழர் நிற்க வேண்டிய இடம் வேறு. 1542இல் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே ஊழியம் செய்ய வந்த பிரான்சிஸ் சவேரியாருக்கும் இங்கே சிலை இருக்கிறது. அவரை ஆசிய மனிதர்கள் தோளில் தாங்குவதுபோல 1711இல் செதுக்கியவர் பிரோகோஃப். ஆசியாவைக் கண்டிராத சிற்பியின் கற்பனை ஆசியா அது. மூலச்சிலையை 1890ஆம் ஆண்டு வெள்ளம் ஆற்றில் தள்ளிவிட்டது. இப்போது நிற்பது நகல். அவசரப்படுத்தக் கூட வந்தவர்கள் யாரும் இல்லை என்பதால், தனியாக வந்தவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டே நகரலாம்.

சதுக்கத்து வானியல் கடிகாரம் 1410இல் செய்தது. மணிக்கொரு முறை எலும்புக்கூடு மணியடிக்க, அப்போஸ்தலர்கள் ஜன்னலில் வந்து போவார்கள். ஒரு நிமிட வேடிக்கைக்கு இவ்வளவு நெரிசல் அதிகம்தான். சூரிய சந்திரர் நிலையையும் ராசிகளையும் காட்டும் முகப்பு எந்நேரமும் பார்க்கக் கிடைப்பது, அருமையும் அதில்தான். நகர மன்றச் சுவரருகே தரையில் பதித்த 27 வெள்ளைச் சிலுவைகள், 1618 கலகத்துக்காக 1621இல் இங்கே கொல்லப்பட்டவர்களுக்கானவை. அவர்களில் 12 பேரின் தலைகளைப் பாலக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள்.

செலெட்னா தெரு வழியே போனால் வெடிமருந்துக் கோபுரம் வந்துவிடும். முடிசூட்டு ஊர்வலம் கடைசியாக நடந்தது 1836இல். கோபுரத்தை ஒட்டிய நகராட்சி மாளிகையில் 1918 அக்டோபர் 28 அன்று செக்கோஸ்லோவாகியாவின் விடுதலையை அறிவித்தார்கள். கீழ்த்தளத்தில் அந்தக் காலத்து அலங்காரம் மாறாத காபிக்கடை இருக்கிறது. விலை சற்று அதிகம்.